அடுப்படி ஆங்கிலம்: 'கீப்' தெரியும், 'டவுன்' தெரியும். 'கீப் டவுன்'?



கடைவீதி ஆங்கிலம் பற்றி நான் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ஒன்று என்னை ரொம்பவும் யோசிக்க வைத்துவிட்டது. "ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாக எனக்கு அர்த்தம் தெரிகிறது. ஆனால் ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்தால் மட்டும் ஒண்ணும் புரியவில்லை. என் மூளையில் கோளாறா, அந்தப் பாஷையில் கோளாறா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

உங்கள் மூளையில் ஒரு கோளாறும் இல்லை, அம்மா! இதே பள்ளத்தில் நானும் விழுந்து எழுந்தவள்தான். இருபது வருஷம் ஆபீஸில் ஸ்டெனோவாக உட்கார்ந்து டிக்டேஷன் எடுத்தவள், ஆங்கிலம் நமக்குக் கைவந்த பாஷை என்று மனசுக்குள் கொஞ்சம் கர்வமும் வைத்திருந்தவள். அந்தக் கர்வம் உடைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 டிசம்பர். இரண்டாவது பிரசவத்துக்கு உதவியாக மகளிடம் போயிருந்தேன், இங்கிலாந்தில் லெஸ்டர் ஊருக்கு. இரவில் வலி எடுத்து, மாப்பிள்ளை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நானும் மூன்று வயசுப் பேரனும் மட்டும். வெளியே பனி. விடியற்காலையில் பேரனுக்கு வாந்தி ஆரம்பித்தது. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை, எட்டுத் தடவை. தண்ணீர் கொடுத்தால் தண்ணீர் வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் ஃப்ரிஜ்ஜின் மேல் ஒட்டி வைத்திருந்த டாக்டர் நம்பருக்குப் பேசினேன். ஒரு நர்ஸ் எடுத்தாள். அன்பான குரல்தான், ஆனால் பேச்சு ரயில் வேகம்!

"இஸ் ஹி கீப்பிங் எனிதிங் டவுன்?" என்று கேட்டாள்.

கீப் என்றால் வைத்துக்கொள்வது. டவுன் என்றால் கீழே. 'எதையாவது கீழே வைக்கிறானா' என்று இந்த நேரத்தில் இவள் ஏன் கேட்கிறாள்? ஒருவேளை குழந்தையைத் தரையில் படுக்க வைத்திருக்கிறேனா என்று கேட்கிறாளோ என்று நானாக ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு, "நோ, நோ! ஐ ஹாவ் கெப்ட் ஹிம் ஆன் த பெட்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அவள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, "அவன் தண்ணீர் குடித்தால் அது வயிற்றில் தங்குகிறதா, வெளியே வந்துவிடுகிறதா?" என்று எளிய ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது! "ஒரு ஸ்பூன்கூடத் தங்கவில்லை" என்றேன். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், அழுதால் கண்ணீர் வருகிறதா, சோர்ந்து சோர்ந்து தூங்குகிறானா என்று மளமளவென்று கேட்டாள். ராத்திரியிலிருந்து அவன் ஒன்றுக்கே போகவில்லை என்றதும், "உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே உப்பு-சர்க்கரைக் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சில நிமிஷத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார்கள். மத்தியானத்துக்குள் பையன் எழுந்து உட்கார்ந்து, "பாட்டி, டிவி" என்றான்!

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குவது எதற்குத் தெரியுமா? அன்றைக்கு என் வாயில் "நோ" என்று வந்தது. புரியாத கேள்விக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் பதில் "எஸ், எஸ்" அல்லவா? நான் மரியாதைக்கு "எஸ்" என்று தலையாட்டியிருந்தால், 'சரி, குடிப்பது வயிற்றில் தங்குகிறது, பயமில்லை' என்று அவள் ஃபோனை வைத்திருப்பாள்.

இந்த மாதிரி, ஒரு வினைச்சொல்லும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு அப், டவுன், ஆன், ஆஃப், இன், அவுட் என்று ஒரு சின்ன வார்த்தையும் சேர்ந்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அர்த்தத்தைக் கொடுப்பது ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இலக்கணக்காரர்கள் இதற்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை மறந்தால் நஷ்டமில்லை. இது நமக்கு மட்டும் கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1755-ல் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டார் மிகவும் திண்டாடும் இடம் இது என்று முன்னுரையில் சொல்லி, அதனாலேயே இவற்றைத் தேடித் தேடித் தம் அகராதியில் சேர்த்தார்.

அது சரி, இருபது வருஷம் ஆபீஸ் ஆங்கிலம் எழுதியவளுக்கு இது ஏன் தெரியவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. படித்தவர்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் சொற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுப்படியிலும் வயல்காட்டிலும் பழைய சின்னச் சொற்களே தங்கின. ஆகவே ஒரே காரியத்துக்கு ரெண்டு சொல்: கடிதத்தில் 'போஸ்ட்போன்', வீட்டில் 'புட் ஆஃப்'. கடிதத்தில் 'எக்ஸ்டிங்குயிஷ்', வீட்டில் 'புட் அவுட்'. கடிதத்தில் 'டாலரேட்', வீட்டில் 'புட் அப் வித்'. நம் பள்ளிக்கூடமும் ஆபீஸும் நமக்குக் கற்றுக்கொடுத்தது கடித ஆங்கிலம். அந்த நர்ஸ் பேசியது வீட்டு ஆங்கிலம். தமிழிலும் இதே கதைதானே? பேப்பரில் 'திருமணம் ஒத்திவைக்கப்பட்டது' என்று போடுகிறார்கள். நாம் 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுட்டாங்க' என்கிறோம்.

அந்தத் 'தள்ளிப்போடு' என்ற சொல்லை இன்னொரு தடவை பாருங்கள். போடு என்றால் 'புட்'. தள்ளி என்றால் 'ஆஃப்'. தள்ளிப்போடு, புட் ஆஃப்! அச்சு அசல் அதே கட்டுமானம். கல்யாணத்தை யாராவது கையால் தூக்கித் தள்ளியா போட்டார்கள்? நமக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. முழுசாக ஒரே சொல்லாகக் காதில் விழுகிறது.

இன்னும் பாருங்கள். 'லைட்டைப் போடு' என்கிறோம். அவர்கள் 'புட் த லைட் ஆன்' என்கிறார்கள். 'சட்டையைப் போட்டுக்கோ', அவர்களுக்கு 'புட் ஆன் யுவர் ஷர்ட்'. பிரசவத்துக்கப்புறம் நம்மைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணை விரித்துக்கொண்டு "என்னம்மா, நல்லா வெயிட் போட்டுட்டே!" என்கிறார்களே, அதுவும் 'யூ ஹாவ் புட் ஆன் வெயிட்' தான்! லைட்டு, சட்டை, சதை, மூன்றுக்கும் நமக்கு ஒரே 'போடு', அவர்களுக்கு ஒரே 'புட் ஆன்'. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

ஒரு வெளிநாட்டுப் பெண்மணி உங்களிடம் தமிழ் கற்க வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பால் கெட்டுப்போச்சு" என்கிறீர்கள். "பால் எங்கே போச்சு? இதோ பாத்திரத்தில்தானே இருக்கிறது?" என்பாள் அவள்! 'குழந்தையைப் பார்' என்பதற்கும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு எப்படி விளக்குவீர்கள்? 'பார்' வெறும் 'லுக்'. 'பார்த்துக்கொள்' தான் 'லுக் ஆஃப்டர்'. அந்தக் 'கொள்'ளுக்குத் தனியாக அர்த்தம் சொல்லப் புறப்பட்டால் நமக்கே தலை சுற்றும். அவர்களுடைய 'ஆஃப்டர்' நம்முடைய 'கொள்' மாதிரி. பால் 'கெட்டுப்போச்சு' என்பதை அவர்களும் 'த மில்க் ஹாஸ் கான் ஆஃப்' என்று போகவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஆப்பரேஷன் பண்ணி ரெண்டாக வெட்டாமல், முழுசாக விழுங்கிக்கொள்ளுங்கள். நான் பிரித்ததுதான் தப்பாகப் போயிற்று.

'புட்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் வீட்டுவேலை செய்யலாம் தெரியுமா? காலையில் அலமாரியிலிருந்து எடுத்ததைத் திரும்ப வைத்தால் 'புட் பேக்'. இறைந்து கிடக்கும் பொம்மைகளை எடுத்து ஒழுங்காக உள்ளே வைத்தால் 'புட் அவே'. "புட் யுவர் டாய்ஸ் அவே" என்று நாளைக்கு நூறு தரம் சொல்லலாம், பிள்ளைகள் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். ஊரிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்துக்கு ரெண்டு நாள் இடம் கொடுத்துத் தங்க வைத்தால் 'புட் அப்'. அவர்கள் சொல்வதையெல்லாம் பொறுத்துக்கொண்டால் 'புட் அப் வித்'. அந்த 'வித்' ஒன்று சேர்ந்ததும் விருந்தோம்பல் பொறுமையாக மாறிவிடுகிறது பாருங்கள்! 'வீ புட் தெம் அப் ஃபார் டூ டேஸ்' என்றால் உபசாரம். 'வீ புட் அப் வித் தெம் ஃபார் டூ டேஸ்' என்றால் சகித்துக்கொண்டோம். நாத்தனாருக்குக் கடிதம் எழுதும்போது ஜாக்கிரதை.

அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவிலும் நம் அம்மாக்கள் சேர்த்து வைத்தார்களே சிறுவாட்டுப் பணம், அதற்கும் ஆங்கிலத்தில் அழகான சொல் இருக்கிறது: 'புட் பை'. 'ஷி ஹாஸ் புட் பை எ லிட்டில் மணி'. அகராதியில் 'சேவிங்ஸ்' என்று தேடினால் பாங்க் ஞாபகம்தான் வருகிறது. 'புட் பை'யில்தான் கடுகு டப்பா வாசனை வருகிறது என்பேன்.

இனி ஆரோக்கியப் பக்கத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் பிள்ளை பெண் இருக்கும் பாட்டிமார்களுக்கு மட்டும் இது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிகளில் இளம் டாக்டர்கள் பாதி ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதமும் ஆங்கிலம்தான்.

ரொம்ப ரொம்பக் கவனிக்க வேண்டியது, 'டேக் ஆஃப்'. மாமியாருக்குப் பல மாதமாக ஒரு மாத்திரை கொடுத்து வருகிறீர்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டேக் ஹர் ஆஃப் தீஸ் டாப்லெட்ஸ்" என்கிறார். நம் காதில் 'டேக்' விழுகிறது, 'டாப்லெட்ஸ்' விழுகிறது. 'சரி, இந்த மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார்' என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். அவர் சொன்னதோ நேர் எதிர்! 'டேக் ஆஃப்' என்றால் நிறுத்திவிடுங்கள். 'புட் ஹர் ஆன்' என்றால் ஆரம்பியுங்கள். 'கீப் ஹர் ஆன்' என்றால் நிறுத்தாமல் தொடருங்கள். மருந்து விஷயத்தில் 'ஆன்' என்றால் உண்டு, 'ஆஃப்' என்றால் இல்லை. ஸ்விட்ச் மாதிரி நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் வெட்கப்படாமல், "கொடுக்கணுமா, நிறுத்தணுமா டாக்டர்?" என்று தமிழிலேயே கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவளே இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். உயிர் விஷயத்தில் பாஷைப் பெருமை வேண்டாம்.

இதற்கு அடுத்தபடி 'கட் டவுன்', 'கட் அவுட்'. கட்-அவுட் என்றால் நமக்குத் தியேட்டர் வாசலில் நடிகருக்கு வைக்கும் ஆளுயரப் படம்! டாக்டர் வாயிலிருந்து வரும்போது அர்த்தம் வேறு. 'கட் டவுன் ஆன் ஸால்ட்' என்றால் உப்பைக் குறைக்க வேண்டும். 'கட் அவுட் ஸால்ட்' என்றால் அடியோடு நிறுத்த வேண்டும். குறைக்கச் சொன்னதற்கு உப்பே போடாமல் சமைத்து வீட்டில் சண்டை வரவும் கூடாது, நிறுத்தச் சொன்னதைக் கொஞ்சமாகக் குறைத்துவிட்டுத் திருப்திப்படவும் கூடாது.

பல் டாக்டரிடம் குழந்தைக்கு மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள். 'இட் வில் வேர் ஆஃப் இன் டூ அவர்ஸ்' என்பார். வேர் என்றால் உடுத்துவது என்று படித்திருக்கிறோம். இங்கே 'வேர் ஆஃப்' என்றால் மரமரப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும் என்று அர்த்தம். அது விடுகிறவரைக்கும் சூடாக எதுவும் கொடுக்கக் கூடாது. உணர்ச்சி இல்லாததால் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டாலும் அதற்கே தெரியாது.

'ப்ரிங் அப்' இருக்கிறதே, அது சரியான இரட்டை வேஷக்காரி. 'ஐ ப்ராட் அப் த்ரீ சில்ட்ரன்' என்றால் மூன்று குழந்தைகளை வளர்த்தேன். 'ஹி ப்ராட் அப் ஹிஸ் மில்க்' என்றால் குடித்த பாலைக் கக்கிவிட்டான். பால் குடித்தபின் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்கிறோமே, அதையும் 'ப்ரிங் அப் விண்ட்' என்பார்கள். வாந்திக்கு இன்னும் சாதாரணமான சொல் 'த்ரோ அப்'. மேலே தூக்கி எறிகிறான் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்! 'கம் டவுன் வித் எ கோல்ட்' என்றால் ஜலதோஷத்தில் படுத்துவிட்டான். 'கம் அவுட் இன் எ ராஷ்' என்றால் மேலெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. மயக்கம் போட்டு விழுந்தவர் கண் விழித்தால் 'கம் ரவுண்ட்'. என் பேரன் எழுந்து டிவி கேட்டபோது அந்த ஊர் நர்ஸ் சிரித்துக்கொண்டே "ஹி இஸ் பெர்க்கிங் அப்!" என்றாள். தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் எந்த அகராதியிலும் பார்த்துக் கற்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

மயக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் எல்லாரும் கூசாமல் சொல்வது, "மை டாட்டர் பாஸ்ட் அவுட் இன் 2016". காலேஜ் முடித்தாள் என்று நமக்கு அர்த்தம். நம் நாட்டில் எல்லாருக்கும் புரியும், தப்பென்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் மற்ற ஊர்க்காரர் காதில் 'உங்கள் பெண் 2016-ல் மயக்கம் போட்டு விழுந்தாள்' என்று கேட்கும். "ஐயோ பாவம், இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று விசாரிப்பார்கள்! அவர்களிடம் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. 'பாஸ்ட் அவே' என்று மட்டும் தப்பித் தவறியும் வாயில் வந்துவிடக் கூடாது. அது காலமானவர்களுக்குச் சொல்வது.

பள்ளிக்கூட விஷயமாக ஒரு சகோதரி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய பையன் இரண்டாம் வகுப்பு. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாளில் டீச்சர், "ஹி இஸ் பீயிங் பிக்ட் ஆன் பை ஸம் பாய்ஸ்" என்று சொன்னாராம். 'பிக்' என்றால் பொறுக்கி எடுப்பது, தேர்ந்தெடுப்பது. பையனை ஏதோ விளையாட்டு டீமுக்கு எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று இவருக்கு ஒரே பெருமை. "தாங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு, வழியில் கடையில் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். பையன் ஜாங்கிரியைத் தொடவில்லை. ராத்திரி கணவர் வந்து, டீச்சர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. 'பிக் ஆன்' என்றால் ஒருத்தரையே குறிவைத்துச் சீண்டுவது. பெரிய பையன்கள் சிலர் தினமும் இவன் டிபன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சாப்பாடு காலியாகி வருதேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன் அக்கா" என்று எழுதியிருக்கிறார். மறுநாளே போய்த் தமிழிலேயே டீச்சரிடம் பேசி, விஷயம் சரியாகிவிட்டதாம். நல்ல வேளை!

பள்ளிக்கூடத்தில் காதில் விழக்கூடிய இன்னும் சில: டீச்சர் 'டோல்ட் ஹிம் ஆஃப்' என்றால் திட்டினார். 'ஹி ஓன்ட் அப்' என்றால் செய்த தப்பைத் தானே ஒப்புக்கொண்டான். அப்படிச் சொன்னால் பையனை அடிக்காதீர்கள், அது பாராட்டு. 'ஹி மேட் அப் எ ஸ்டோரி' என்றால் கதை கட்டினான். 'மேட் அப் வித் ஹிஸ் ஃப்ரெண்ட்' என்றால் சண்டை தீர்ந்து பழம் விட்டாச்சு. நமக்குத் தெரிந்த 'மேக்-அப்' இதற்குள் எங்குமே வரவில்லை பார்த்தீர்களா?

எல்லாம் சரி, பேசும்போது எதை எங்கே வைப்பது? இதில் ஒரே ஒரு நுணுக்கம்தான் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன். 'புட் ஆன் யுவர் ஷர்ட்' என்றும் சொல்லலாம், 'புட் யுவர் ஷர்ட் ஆன்' என்றும் சொல்லலாம். ஆனால் சட்டை என்று சொல்லாமல் 'அதை' என்று சொல்லும்போது, 'புட் இட் ஆன்' தான். 'புட் ஆன் இட்' என்றால் தவறு. இட், தெம், ஹிம், ஹர் போன்ற குட்டிச் சொற்கள் அப்பா அம்மாவுக்கு நடுவில் படுத்துக்கொள்ளும் குழந்தை மாதிரி நடுவில்தான் வரும். டேக் இட் ஆஃப், ஸ்விட்ச் இட் ஆஃப், புட் தெம் அவே, ப்ரிங் ஹிம் அப்.

உடனே 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று சொல்லிவிடாதீர்கள்! லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் அட், பிக் ஆன், கெட் ஓவர் இவையெல்லாம் பிரியவே பிரியாத ஜோடிகள். 'லுக் ஆஃப்டர் ஹிம்' தான். எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குச் சட்டம் சொல்லப்போனால் ஒரு பாடப் புத்தகமே எழுத வேண்டும். நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இவற்றை எழுதும்போதே 'இட்' சேர்த்து எழுதிவிடுகிறேன். வெறும் 'புட் ஆஃப்' என்று எழுதுவதில்லை, 'புட் இட் ஆஃப்' என்று எழுதுகிறேன். 'லுக் ஃபார்' என்று எழுதுவதில்லை, 'லுக் ஃபார் இட்' என்று எழுதுகிறேன். எழுதியதை ரெண்டு தரம் வாய்விட்டுச் சொன்னால் போதும், நாக்கு அந்த வழியிலேயே பழகிவிடும்.

எங்கே வேண்டுமோ அங்கே விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் நம் வழக்கம். 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று தமிழில் சொல்லிச் சொல்லி, ஆங்கிலத்தில் 'ஆஃப் த ஃபேன்' என்கிறோம். ஆஃப் மட்டும் தனியாக வேலை செய்யாது. 'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்' அல்லது 'டர்ன் ஆஃப் த ஃபேன்' என்று ஒரு வினைச்சொல் துணைக்கு வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'கோப் அப் வித்' வேண்டாம், 'கோப் வித்' போதும். 'ரிட்டர்ன் பேக்' என்றால் திரும்பித் திரும்பி வருவது போலிருக்கிறது, 'ரிட்டர்ன்' ஒன்றே போதும்.

இந்தப் பதினைந்து நாளில் ஐந்தே ஐந்து சொற்களை நோட்டில் ஏற்றுங்கள். எதிலிருந்து எடுப்பது என்று தேட வேண்டாம். உங்கள் வீட்டில் நேற்று நடந்ததிலிருந்தே எடுங்கள். கீழே இருப்பவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், எல்லாம் இந்தப் பக்கத்தில் வந்தவைதான்:

பால் கெட்டுப்போச்சு. குழந்தை குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்வெட்டர் இதோ இருக்கு, அதைப் போட்டுக்கோ. நாத்தனார் வீட்டார் எங்களை மூன்று நாள் தங்க வைத்துக்கொண்டார்கள்.

கடைசி வாக்கியத்தில் 'வித்' சேர்க்காமல் எழுதுகிறவர்களுக்கு என் தனிப் பாராட்டு. விடைகளோடு அடுத்த இதழில் 'கெட்' என்ற சொல்லைப் பார்ப்போம். அது 'புட்'டையும் மிஞ்சியது. காலையில் படுக்கையை விட்டு எழுவதிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்குவதுவரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும்!